ஹோம் ரன்னை எல்லாரும் பார்க்கிறார்கள், அதற்கு முந்தைய வாக்கை யாரும் பார்ப்பதில்லை: க்ளோசர்கள் கோட்டை விடும் கதை

#1 பழைய_ரேடியோ

ஒவ்வொரு அக்டோபரிலும் இதே கூத்துதான். ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸில் ஒரு க்ளோசர் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிக்க வரும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர்) கோட்டை விடுவார். விடிவதற்குள் "பெரிய ஆட்டத்துக்கு லாயக்கில்லாத ஆள்" என்று முத்திரை குத்திவிடுவார்கள். அந்த ஹோம் ரன்னைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவார்கள். அதற்குச் சில நிமிடம் முன்னால் என்ன நடந்தது என்று காட்டமாட்டார்கள்.

என் கட்சி இது: பெயர்பெற்ற தோல்விகளில் பலவும் தொடங்கியது ஹோம் ரன்னில் இல்லை. அதற்கு முந்தைய பேட்டருக்கு நாலு பால் (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே போகும் பந்து) போட்டு முதல் பேஸுக்கு இலவசமாக அனுப்பினார்களே, அந்த வாக்கில்தான்.

1988 வேர்ல்ட் சீரீஸ் (சீசனின் இறுதித் தொடர்), முதல் ஆட்டம், டாட்ஜர் ஸ்டேடியம், அக்டோபர் 15. ஓக்லண்ட் 4-3 முன்னிலை. வீசுவது டென்னிஸ் எக்கர்ஸ்லி. அந்த வருடம் 45 சேவ், 72 இன்னிங்ஸுக்கு மேல் வீசி மொத்தம் 11 வாக். ஆள் கோடு போட்ட மாதிரி வீசுவார். இரண்டு அவுட் எடுத்தாயிற்று, பேஸ்களில் யாரும் இல்லை. அடுத்து வந்த மாற்று பேட்டர் மைக் டேவிஸ், அந்த வருட சராசரி .196. அவருக்குப் போய் வாக் கொடுத்தார்!

ஏன்? முந்தைய வருடம் டேவிஸ் அதே ஓக்லண்ட் அணியில் 22 ஹோம் ரன் அடித்தவர். ஒரே அடியில் ஆட்டம் சமனாகிவிடுமே என்று எக்கர்ஸ்லி ஓரம் ஓரமாக வீசினார். இன்னொரு பக்கம் டாட்ஜர்ஸ் மேனேஜர் டாமி லசோர்டாவின் தந்திரம். அடுத்து வரப்போவது டேவ் ஆண்டர்சன் என்று காட்டி அவரை வெளியே நிறுத்தியிருந்தார். கர்க் கிப்சன் இரண்டு காலும் போய் உள்ளே இருந்தார். ஆண்டர்சன்தானே, டேவிஸ் போனால் போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டேவிஸ் போனார், கிப்சன் நொண்டிக்கொண்டே வந்தார். நடுவில் டேவிஸ் இரண்டாவது பேஸையும் திருடிவிட்டார் (பிட்சர் வீசும்போதே ஓடிப் பிடித்துவிட்டார்). கவுண்ட் 3-2 (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்). இடதுகை பேட்டருக்கு 3-2 வந்தால் எக்கர்ஸ்லி வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே திரும்பும் ஸ்லைடர் (பக்கவாட்டில் வளையும் பந்து) போடுவார் என்று மெல் டிடியே என்ற ஸ்கவுட் (எதிரணியை நோட்டமிடுபவர்) முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கிப்சன் ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னார், மறுபடி நின்றார். அதே ஸ்லைடர் வந்தது, ஹோம் ரன். 5-4. அந்தத் தொடரில் கிப்சன் அதற்குப் பிறகு பேட் பிடிக்கவே இல்லை.

எல்லாரும் ஸ்லைடரைத் திட்டுகிறார்கள். நான் டேவிஸுக்குப் போட்ட நாலாவது பாலைத் திட்டுகிறேன். உங்கள் பட்டியலைக் கொண்டு வாருங்கள்.

#2 புதுசா_பாக்கறேன்

அண்ணே, நான் போன வருடம்தான் பேஸ்பால் பார்க்க ஆரம்பித்தேன். க்ளோசர் என்றால் கிரிக்கெட்டில் இருபதாவது ஓவர் போடும் பவுலர் மாதிரி என்று எடுத்துக்கொள்ளலாமா? சேவ், ப்ளோன் சேவ் கணக்கும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

#3 கணக்குப்பிள்ளை

பாதி சரி தம்பி. ஆனால் இருபதாவது ஓவரில் ஆறு பந்து போட்டால் கதை முடிந்தது, ஜெயமோ தோல்வியோ. இங்கே பந்துக் கணக்கு கிடையாது. மூன்று அவுட் எடுக்கும்வரை நின்றே ஆக வேண்டும். அவுட் வராவிட்டால் அடி விழுந்துகொண்டே இருக்கும், மேனேஜர் வந்து பந்தை வாங்கும்வரை தப்பிக்க வழியில்லை.

சேவ்: ஜெயிக்கும் அணிக்காகக் கடைசியில் வீசி ஆட்டத்தை முடிப்பவருக்கு, அவர் வெற்றி பெற்ற பிட்சராகக் கணக்கில் வராத பட்சத்தில் கிடைப்பது. மூன்று ரன்னுக்கு மிகாத முன்னிலையில் வந்து ஒரு இன்னிங்ஸாவது முழுதாக வீச வேண்டும். அல்லது சமன் செய்யும் ரன் பேஸிலோ, பேட் பிடித்தோ, அடுத்து வரக் காத்தோ நிற்கும்போது வர வேண்டும். அல்லது கடைசி மூன்று இன்னிங்ஸை ஒழுங்காக வீசி முடிக்க வேண்டும். ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற சிகாகோ பத்திரிகையாளர் உண்டாக்கிய யோசனை, 1969-ல் அதிகாரபூர்வமானது.

ப்ளோன் சேவ்: அப்படிப்பட்ட நிலையில் உள்ளே வந்து, சமன் செய்யும் ரன்னை விட்டுவிட்டால். ஏழாவது இன்னிங்ஸில் விட்டாலும் இதே பெயர்தான். அந்த ஆளை ஒன்பதாவது வரை யாரும் வைத்திருக்கப் போவதில்லை, சேவ் கிடைக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் ப்ளோன் சேவ் மட்டும் கிடைக்கும். என்ன நியாயமோ.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு முன்னிலையோடு போகும் அணி சுமார் 95% ஆட்டங்களில் ஜெயிக்கிறது. க்ளோசர் என்ற பதவியே இல்லாத காலத்திலும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

இனி ரேடியோ அண்ணனுக்கு. இன்னிங்ஸைத் தொடங்கும் வாக்கும் ஒன்றுதான், சிங்கிளும் ஒன்றுதான். முதல் பேஸில் நிற்பவன் எப்படி அங்கே வந்தான் என்று ஸ்கோர்போர்டு கேட்பதில்லை. அவன் ரன் எடுக்கும் வாய்ப்பு இரண்டிலும் ஒரே அளவு. வாக் என்றால் கண்ணை உறுத்துகிறது, அதனால் நினைவில் நிற்கிறது. அவ்வளவுதான் உங்கள் கட்சி.

#4 பழைய_ரேடியோ

பிள்ளைவாள், ஓட்டக்காரன் ஒரே ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது அவன் எப்படி அங்கே வந்தான் என்றில்லை. அவனை அனுப்பியதால் அடுத்து பேட் பிடிக்க வந்தது யார்?

2005 என்எல்சிஎஸ் (நேஷனல் லீக் இறுதித் தொடர்) ஐந்தாவது ஆட்டம், ஹூஸ்டன், அக்டோபர் 17. ஆஸ்ட்ரோஸ் 4-2 முன்னிலை, வேர்ல்ட் சீரீஸுக்குப் போக இன்னும் ஒரே அவுட். பிராட் லிட்ஜ் வீசுகிறார். எக்ஸ்டைன் இரண்டு ஸ்ட்ரைக் வாங்கிய பிறகு ஒரு சிங்கிள் அடித்தார். அடுத்து ஜிம் எட்மண்ட்ஸ். இப்போது அவர்தான் சமன் செய்யும் ரன் (அவர் ஓடி முடித்தால் 4-4). அவர் மேல் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அவருக்கு வாக் கொடுத்தால் அடுத்து வருபவர் ஆல்பர்ட் பூஹோல்ஸ், அவர் முன்னிலை பெற்றுத் தரும் ரன்! சமனாகிவிடுமோ என்று பயந்து, தோற்க வழி செய்து கொடுத்தார்கள். ஸ்லைடர் சுழலாமல் தொங்கியது. இடது பக்கம் சுவருக்கு மேலே ரயில் பாதை ஓடும் அரங்கம் அது, பந்து அந்த உயரத்துக்குப் போனது. 5-4.

2011 வேர்ல்ட் சீரீஸ் ஆறாவது ஆட்டம், செயின்ட் லூயிஸ், டெக்சஸ் 7-5 முன்னிலை. நெஃப்டாலி ஃபெலிஸ் வீசுகிறார். பூஹோல்ஸ் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போகும் அடி) அடித்தார். பெர்க்மன் சமன் செய்யும் ரன், அவருக்கு வாக். இப்போது சமன் செய்யும் ரன் முதல் பேஸிலேயே நிற்கிறது. கிரெய்கை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். டேவிட் ஃப்ரீஸுக்கும் இரண்டு ஸ்ட்ரைக் வந்துவிட்டது. அடுத்த பந்து வலது பக்கம் நெல்சன் க்ரூஸின் தலைக்கு மேலே போனது, ட்ரிபிள், 7-7. வாக் கொடுக்காமல் பெர்க்மனைச் சிங்கிள் அடிக்க விட்டிருந்தாலும் இதே நிலைதான் என்பீர்கள். சரி. ஆனால் ஸ்ட்ரைக் போட்டால் அவுட் ஆகவும் வாய்ப்பு உண்டே. நாலாவது பாலில் அது கிடையாது.

#5 மேல்வரிசை_சீட்

உங்கள் கட்சிக்கு ஒத்துவரும் ஆட்டங்களாகப் பொறுக்கி எடுத்துவிட்டீர்கள். ஒத்துவராதவை மூன்று தருகிறேன்.

1986 வேர்ல்ட் சீரீஸ் ஆறாவது ஆட்டம். பில் பக்னரின் காலுக்கு நடுவே பந்து போனது மட்டும்தான் ஊருக்கு நினைவு. அந்தப் பந்து வந்தபோது ஆட்டம் ஏற்கனவே சமன். பத்தாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் 5-3 முன்னிலை, இரண்டு அவுட், பேஸ்களில் ஆளில்லை. கால்வின் ஷிரால்டி வரிசையாக மூன்று சிங்கிள் கொடுத்தார், ஒரு வாக்கும் இல்லை. அப்புறம் வந்த பாப் ஸ்டான்லி வீசிய பந்து கேட்சரைத் தாண்டி ஓடியது, சமன் செய்யும் ரன் வந்தது. பிறகுதான் பக்னர். இரண்டு ரிலீவர்கள் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்கள்) செய்ததற்கு ஒரு முதல் பேஸ்மேன் வருடக்கணக்கில் வசவு வாங்கினார்.

2007 அக்டோபர் 1, டென்வர். பிளேஆஃப் இடத்துக்கான 163-வது ஆட்டம். பதிமூன்றாவது இன்னிங்ஸில் பாட்ரெஸ் 8-6 முன்னிலை, வீசுவது ட்ரெவர் ஹாஃப்மன். மட்சுயி டபுள், டுலவிட்ஸ்கி டபுள், ஹாலிடே ட்ரிபிள், ஆட்டம் சமன். ஹெல்டனுக்கு வேண்டுமென்றே கொடுத்த வாக் அதற்குப் பிறகுதான். ஜேமி காரல் அடித்த பந்தை வலது பக்கம் பிடித்தார்கள், பிடித்ததும் ஹாலிடே மூன்றாவது பேஸிலிருந்து ஓடிப் பாய்ந்து விழுந்தார், 9-8. அவர் கை ஹோம் பிளேட்டைத் தொட்டதா என்று இன்றைக்கும் சண்டை ஓயவில்லை.

மூன்றாவது, 2001 வேர்ல்ட் சீரீஸ் ஏழாவது ஆட்டம். மரியானோ ரிவேரா. 652 சேவ். ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஒரு ஓட்டுக்கூட எதிராக விழாமல் போன முதல் ஆள். யாங்கீஸ் 2-1. எட்டாவது இன்னிங்ஸில் மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். ஒன்பதாவதில் அரிசோனாவின் மார்க் கிரேஸ் சிங்கிள். அடுத்து ஒரு பண்ட் (மட்டையை மெல்ல வைத்துப் பந்தைத் தட்டிவிடுவது), ரிவேராவே எடுத்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், எறி விலகிப் போனது. இன்னொரு பண்ட், இந்தத் தடவை மூன்றாவது பேஸில் அவுட். டோனி வோமாக் டபுள், சமன். கடைசியில் லூயிஸ் கொன்சாலஸ். உள்பக்கம் வந்த கட்டரில் (கடைசியில் சற்றே விலகும் வேகப்பந்து) மட்டை உடைந்தது, பந்து மெதுவாக ஜீட்டர் தலைக்கு மேலே போய் விழுந்தது. தொலைக்காட்சி வர்ணனையில் இருந்த டிம் மெக்கார்வர் சற்று முன்புதான் சொன்னார்: இடதுகை பேட்டர்களை ரிவேரா உள்பக்கமாக நெருக்குகிறார், மட்டை உடைந்து இப்படிக் குறுகிய அடிகள் விழும், உள்வட்டத்தை முன்னால் நிறுத்துவது ஆபத்து என்று. இதில் வாக் எங்கே இருக்கிறது?

#6 பழைய_ரேடியோ

கொன்சாலஸுக்கு முன்னால் க்ரெய்க் கவுன்செல் உடம்பில் பந்து பட்டு முதல் பேஸுக்குப் போனார். அதுவும் இலவசம்தான். சும்மா சொன்னேன், ரிவேரா 2001 உங்கள் பக்கமே இருக்கட்டும். ரிவேரா 2004 என் பக்கம். ஏஎல்சிஎஸ் (அமெரிக்கன் லீக் இறுதித் தொடர்) நாலாவது ஆட்டம், அக்டோபர் 17, ஃபென்வே. யாங்கீஸ் தொடரில் 3-0, ஆட்டத்தில் 4-3. ஒன்பதாவதைத் தொடங்கிய கெவின் மில்லருக்கு வாக். அவருக்குப் பதில் ஓட வந்த டேவ் ராபர்ட்ஸ் பேஸ் திருடத்தான் வந்திருக்கிறார் என்று அரங்கில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். திருடினார். பில் ம்யூலர் நேரே நடுவில் அடித்தார், சமன். பன்னிரண்டாவதில் ஓர்டிஸ் முடித்து வைத்தார். ரெட் சாக்ஸ் தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயித்தது.

#7 ஃபில்லி_பித்து

வாக் பற்றிப் பேசுகிறீர்கள், மிச் வில்லியம்ஸ் பெயரையே காணோம்! 1993 அக்டோபர் 23, டொராண்டோ, ஆறாவது ஆட்டம். ஃபில்லீஸ் 6-5. ரிக்கி ஹெண்டர்சனுக்கு நேராக நாலு பால். ஒரு அவுட், மொலிட்டர் சிங்கிள், ஜோ கார்ட்டர் ஹோம் ரன், 8-6, சீரீஸ் முடிந்தது. முதல் பேஸில் ஹெண்டர்சன் இருந்தால் எந்த பிட்சருக்கும் பாதிக் கண் அங்கேதான். ஓட விடக்கூடாது என்று வழக்கமாகக் காலை உயரத் தூக்கி வீசும் ஆள் அதைக் குறைத்துச் சட்டென்று வீசினார். பந்தில் இருக்க வேண்டிய வேகம் இல்லை. ஆக ரேடியோ அண்ணன் சொல்வதில் ஒரு படி கூடுதலாகவே இருக்கிறது. வாக் ஓர் ஓட்டக்காரனைக் கொடுப்பதோடு நிற்பதில்லை, அடுத்த பேட்டருக்குப் போடும் பந்தையும் கெடுக்கிறது.

ஆனால் மிச்சைத் திட்டுவதோடு எனக்கு உடன்பாடில்லை. நாலாவது ஆட்டத்தை 15-14 என்று தோற்றபோதே அவருக்குக் கொலை மிரட்டல் வந்தது. அந்த டிசம்பரிலேயே அவரை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வருடம் 43 சேவ் எடுத்தவர் அவர். அவர் இல்லாமல் நாங்கள் டொராண்டோ வரை போயிருக்கவே மாட்டோம்.

அப்புறம் லிட்ஜ். பூஹோல்ஸ் அடித்ததோடு ஆள் தொலைந்தார் என்றார்கள். அதே 2005 வேர்ல்ட் சீரீஸில் ஸ்காட் பொட்செட்னிக் அவரை அடித்து ஆட்டத்தை முடித்தார். வழக்கமான சீசன் முழுக்க ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத ஆள் பொட்செட்னிக்! சரி, போச்சு என்று எல்லாரும் கைகழுவினார்கள். 2008-ல் எங்களிடம் வந்தார். சீசனில் 41 வாய்ப்பு, 41 சேவ். பிளேஆஃபில் 7-க்கு 7. கடைசி ஸ்லைடரில் ஹின்ஸ்கே வீழ்ந்தார், லிட்ஜ் முழங்காலிட்டார். 2009-ல் அதே தோள், அதே ஸ்லைடர்: வெற்றி 0, தோல்வி 8, ஈஆர்ஏ (பிழைகளால் வந்த ரன்களைச் சேர்க்காமல், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ரன்) 7.21, ப்ளோன் சேவ் 11. நெஞ்சுரம் என்று ஒன்று இருந்தால் அது 2008-ல் எங்கிருந்து வந்தது, 2009-ல் எங்கே போனது?

#8 கணக்குப்பிள்ளை

ஃபில்லி சொன்னது நூற்றுக்கு நூறு. ஒரு ரிலீவர் வருடத்துக்கு அறுபது, எழுபது இன்னிங்ஸ்தான் வீசுகிறார். அந்தச் சின்னக் கணக்கில் நாலு மோசமான இரவு வந்தால் "உடைந்துவிட்டார்" என்கிறோம், வராவிட்டால் "இரும்பு மனிதர்" என்கிறோம்.

நான் கைநீட்டுவது மேனேஜரை நோக்கி. 2016 ஏஎல் வைல்ட் கார்டு ஆட்டம் (தோற்றால் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டம்), அக்டோபர் 4, டொராண்டோ. பால்டிமோரிடம் ஸாக் பிரிட்டன் இருக்கிறார். அந்த வருடம் 47-க்கு 47, ஈஆர்ஏ 0.54. ஆட்டம் 2-2. வெளியூர் அணி என்பதால் முன்னிலை வரட்டும், பிரிட்டனை அப்போது விடலாம் என்று மேனேஜர் பக் ஷோவால்டர் காத்தார். முன்னிலை வரவே இல்லை. பதினொன்றாவதில் உபால்டோ ஹிமெனெஸ் வீச, எட்வின் என்கார்னாசியோன் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். பிரிட்டன் புல்பென்னை (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) விட்டு ஆடுகளத்துக்கு வரவே இல்லை. ப்ளோன் சேவ் யாருக்கும் இல்லை, கணக்குப் புத்தகம் சுத்தமாக இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பட்டியலிலேயே மோசமான தோல்வி இதுதான். சேவ் விதியை எழுதியவர் பேனாவால் எழுதினார், மேனேஜர்கள் அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அதே மாதம் கிளீவ்லண்டில் டெரி ஃபிரான்கோனா தன் சிறந்த ரிலீவர் ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவதிலும் ஏழாவதிலும் இறக்கினார். ஆட்டம் எப்போது சூடாகிறதோ அப்போது. மில்லர் ஏஎல்சிஎஸ் எம்விபி (தொடரின் சிறந்த வீரர்) ஆனார்.

#9 மேல்வரிசை_சீட்

அதையும் செய்து பார்த்தார்களே. 2003-ல் ரெட் சாக்ஸ், பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் ஆலோசகராக வந்த முதல் வருடம். தனி க்ளோசர் வேண்டாம், புல்பென்னில் யார் தோதோ அவர் வீசட்டும் என்று தொடங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே ஒன்பதாவது இன்னிங்ஸில் முன்னிலை போனது, கார்ல் க்ராஃபோர்டு மூன்று ரன் ஹோம் ரன் அடித்து முடித்தார். பத்திரிகைகள் விடுமா! மே மாதம் ஆள் தேடிப் போய் யாரை வாங்கினார்கள்? கிம் பியுங்-ஹியுன். 2001 வேர்ல்ட் சீரீஸில் அடுத்தடுத்த இரவுகளில் ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட் ஆன பிறகு டீனோ மார்டினெஸிடமும் ஸ்காட் பிராஷியஸிடமும் இரண்டு ரன் ஹோம் ரன் வாங்கியவர். அப்போது அவருக்கு வயது 22. முதல் இரவு சமனான பிறகும் அவரையே வீச வைத்தார்கள், பத்தாவதில் ஜீட்டரும் அடித்தார். மறுநாளும் அவரையே அழைத்தார் அரிசோனா மேனேஜர் பாப் பிரென்லி. இதில் கணக்குப்பிள்ளை பக்கம் நான். அந்த இரண்டாவது இரவு கிம்மின் பிழை இல்லை.

#10 புதுசா_பாக்கறேன்

ஒரு சந்தேகம். ஆட்டத்தைக் கோட்டை விட்ட பிட்சருக்கே வெற்றியும் எழுதுவார்களா? பழைய ஸ்கோர்கார்டு ஒன்றில் ஒரே ஆளுக்கு இரண்டும் இருந்தது.

#11 கணக்குப்பிள்ளை

எழுதுவார்கள். பெரிய உதாரணம் 2016 வேர்ல்ட் சீரீஸ் ஏழாவது ஆட்டம். அரால்டிஸ் சாப்மன் எட்டாவதில் வந்து ரஜாய் டேவிஸிடம் இரண்டு ரன் ஹோம் ரன் வாங்கினார், 6-6. அவரே ஒன்பதாவதையும் வீசினார். பத்தாவதில் கப்ஸ் இரண்டு ரன் எடுத்து 8-7 என்று ஜெயித்தது. 108 வருடக் காத்திருப்பு முடிந்த அந்த ஆட்டத்தின் வெற்றி பெற்ற பிட்சர் சாப்மன், ப்ளோன் சேவும் அவருக்கே.

அவர் ஏன் அடி வாங்கினார் என்பதும் தெரிந்த கதைதான். ஐந்தாவது ஆட்டத்தில் 42 பந்து வீசியிருந்தார். ஆறாவது ஆட்டத்தில் 7-2 முன்னிலை இருந்தபோதும் கப்ஸ் மேனேஜர் ஜோ மேடன் அவரை இறக்கினார். ஏழாவதில் வேகம் குறைந்தது பார்த்தவர் எல்லாருக்கும் தெரிந்தது.

#12 நைட்_ஷிப்ட்

டானி மூர் பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1986 ஏஎல்சிஎஸ் ஐந்தாவது ஆட்டம், ஏஞ்சல்ஸ் தொடரில் 3-1. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் போட்டால் வேர்ல்ட் சீரீஸ். டேவ் ஹெண்டர்சன் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்து பாஸ்டன் 6-5 ஆனது.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. அதே இன்னிங்ஸின் கீழ்ப்பாதியில் (உள்ளூர் அணி பேட் பிடிக்கும் பாதி) ஏஞ்சல்ஸ் சமன் செய்தது. மூன்று பேஸிலும் ஆள், ஒரே அவுட், ஒரு ரன் எடுத்தால் போதும். டக் டிசின்ஸேயும் பாபி கிரிச்சும் அடித்த பந்துகள் பிடிபட்டன. பதினொன்றாவதில் தோற்றார்கள். பிறகு பாஸ்டனில் இரண்டு ஆட்டம் மிச்சம் இருந்தது, இரண்டையும் தோற்றார்கள். அத்தனை பேர் செய்ததும் ஒரே ஆள் தலையில் போய் விழுந்தது. சொந்த ஊர் அரங்கிலேயே அவரைக் கூச்சலிட்டுத் துரத்தினார்கள்.

1989-ல் வீட்டில் மனைவியைச் சுட்டுவிட்டு அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி பிழைத்தார். அந்த ஒரு ஹோம் ரன்தான் காரணம் என்று எழுதியவர்களை நான் நம்பவில்லை, ஒரு மனிதனின் வாழ்க்கையில் எத்தனையோ இருக்கும். ஆனால் ஒரு க்ளோசரை "கோழை" என்று டைப் செய்யும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

#13 மேல்வரிசை_சீட்

சரியாகச் சொன்னீர்கள். தோல்வியை வேறு மாதிரி பார்த்தவரும் உண்டு. 2001-ல் ரிவேரா ஜெயித்திருந்தால் நியூயார்க்கில் ஊர்வலம் நடந்திருக்கும், அணித் தோழர் என்ரிக்கே வில்சன் அதற்காகத் தங்கியிருப்பார். தோற்றதால் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவர் போவதாக இருந்த விமானம், நவம்பர் 12-ல் குவீன்ஸில் விழுந்து நொறுங்கிய 587. தோற்றதே நல்லது, நண்பன் உயிரோடு இருக்கிறான் என்று ரிவேரா பின்னாளில் சொன்னார்.

#14 மெட்ஸ்_பைத்தியம்

2024-ஐ விட்டுவிட்டீர்களே! அக்டோபர் 3, மில்வாக்கி. ப்ரூவர்ஸ் 2-0, வீசுவது டெவின் வில்லியம்ஸ், அந்த சேஞ்ச்அப் (வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் பந்து) யாருக்கும் அகப்படாது. ஒன்பதாவதைத் தொடங்கிய லிண்டோருக்கு வாக். வியன்டோஸ் ஸ்ட்ரைக் அவுட், நிம்மோ சிங்கிள். பீட் அலான்சோவுக்கு கவுண்ட் 3-1. சேஞ்ச்அப் வெளிப்பக்கம் வந்தது, வலது பக்கம் தூக்கினார், 3-2. கடைசியில் 4-2. ரேடியோ அண்ணன் கட்சிக்கு என் ஓட்டு.

#15 பழைய_ரேடியோ

நன்றி. 3-1-க்கு வந்ததையும் கவனியுங்கள். மறுபடியும் ஒரு வாக் கொடுத்தால் மூன்று பேஸும் நிரம்பிவிடும் என்பதால் அந்தப் பந்தை ஸ்ட்ரைக்காகப் போட்டே ஆக வேண்டும். முதல் வாக் செய்த வேலை அது.

புதுசா தம்பி, இதையெல்லாம் ஒரே ஆட்டத்தில் பார்க்க வேண்டுமானால் அதே 2024-ல் ஏஎல்சிஎஸ் மூன்றாவது ஆட்டம் பாருங்கள், யாங்கீஸும் கிளீவ்லண்டும். அக்டோபர் 17 (லிட்ஜ், ரிவேரா இருவருக்கும் அடி விழுந்த அதே தேதி, க்ளோசர்கள் அன்றைக்கு லீவு போட்டுவிடுவது உத்தமம்). எட்டாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், கிளீவ்லண்ட் 3-1. சோட்டோவுக்கு ஹன்டர் கேடிஸ் வாக் கொடுத்தார். உடனே இம்மானுவேல் க்ளாஸே வந்தார். சீசனில் 74 இன்னிங்ஸில், பிழைகளால் வந்தவற்றைச் சேர்க்காமல், அவர் கணக்கில் விழுந்தது ஐந்தே ரன். ஜட்ஜ் ஹோம் ரன், சமன். அடுத்த பேட்டர் ஸ்டான்டனும் ஹோம் ரன். சோட்டோ எடுத்த ரன் கேடிஸ் கணக்கில், ப்ளோன் சேவ் க்ளாஸே கணக்கில்.

#16 மேல்வரிசை_சீட்

பார்க்கிற தம்பி எட்டாவதோடு அணைத்துவிட வேண்டாம். ஒன்பதாவதில் யாங்கீஸ் 5-3, லூக் வீவர், இரண்டு அவுட். லேன் தாமஸ் டபுள், நோயல் ஹோம் ரன், 5-5. பத்தாவதில் டேவிட் ஃப்ரை முடித்தார், 7-5. தாமஸ் அந்த டபுளை அடித்தார் ரேடியோ அண்ணே, வீவர் அவருக்கு வாக் கொடுக்கவில்லை.